நீர்நாய்க் கசம்

இன்பமணி பதினோரு வருடம் அருவிப் பூங்காவின் வாசலில் நின்றவள். களக்காட்டுக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர்க் குழு நடத்திவந்த சின்னப் பூங்கா அது. ஓர் இரும்புச் சங்கிலி, ஒரு தகரக் கூரை, ஒரு விசில். இவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ்.

வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. ஷாம்பு, எண்ணெய்ப் புட்டி, பிளாஸ்டிக் தட்டு, பிராந்தி என்று எது இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவாள். ஒருமுறை பெரிய அதிகாரி வீட்டுக் கூட்டம் இரண்டு வேன்களில் எண்ணெயும் சீயக்காயுமாக வந்து இறங்கியது. "எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னா வீட்டுல குளிச்சிட்டு வாங்க. இங்கன சும்மா நனைஞ்சிட்டுப் போங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். அதிகாரி யாருக்கோ போன் செய்து பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் எண்ணெயை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார்கள்.

மழைக்காலத்தில் அவள் கண் தண்ணீரிலேயே இருக்கும். மலைமேல் மழை விழுந்தால் ஓடையில் முதலில் இலைகள் வரும். பிறகு தண்ணீர் கலங்கும். கலங்கிய பிறகு அதிக நேரம் கிடையாது. முதல் இலையைப் பார்த்ததும் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவாள். அந்தப் பதினோரு வருடத்தில் ஓர் உயிர் போகவில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. வெளியே சொல்ல மாட்டாள்.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அது உடைந்தது. இரண்டு நாளாக மழை. அருவியை மூடிச் சங்கிலியைப் பூட்டியிருந்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். ஒரு கார் வந்து நின்றது. நான்கு பேர். இரண்டு ஜோடி, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒருவன் மட்டும் இறங்கி வந்து, 'அருவியகம்' விடுதியில் தங்கியிருப்பதாகச் சொன்னான். முடியாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைப்பேசி அடித்தது. அழைத்தவர் பாலசுப்பிரமணியன். விடுதிக்கு முதலாளி அவர்தான். பூங்காக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். வாட்ஸ்அப்பில்தான் எப்போதும் பேசுவார்.

"இன்பமணி, நம்ம விருந்தாளிங்க. கால நனைச்சிட்டு அஞ்சு நிமிசத்துல வந்துருவாங்க. தெற."

"தண்ணி வருது முதலாளி. இல வர ஆரம்பிச்சாச்சு."

"நான் சொல்லுதேன்லா? நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமா?"

திறந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான். பின்னாளில் அவளே அப்படித்தான் சொன்னாள். பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது. விசில் ஊதிக்கொண்டே ஓடி, இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி, ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். மற்ற ஜோடி தானாகக் கரையேறிவிட்டது; வாசலில் வந்து பேசிய அவள் புருஷனை மட்டும் இழுக்க முடியவில்லை. இன்பமணியின் கைப்பேசியும் தண்ணீரோடு போயிற்று. அந்த இளைஞனின் உடல் மூன்றாம் நாள் அணையில் கிடைத்தது.

விசாரணையில் பாலசுப்பிரமணியன் அமைதியாகச் சொன்னார். "நான் அவளுக்குப் போனே பண்ணல. மூடச் சொன்னதே நான்தான். கைநீட்டி ஏதோ வாங்கிக்கிட்டுத் தெறந்துவிட்டிருக்கா."

அந்த இளம் விதவை எழுந்து வந்து இன்பமணியின் கன்னத்தில் அறைந்தாள். இன்பமணி கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய அதே பெண். இன்பமணி அசையாமல் நின்றாள். அந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பாலசுப்பிரமணியன் நின்றார். தன் கைக்குட்டையை எடுத்து, "அழாதம்மா" என்று நீட்டினார். அந்தக் கைக்குட்டையை இன்பமணி பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று அப்போது இறுகிப்போயிற்று. பிறகு அது இளகவே இல்லை.

வாட்ஸ்அப் அழைப்பு என்பதால் போன் கம்பெனிக் கணக்கிலும் அது இல்லை; போலீஸ் வழக்கு சாட்சியில்லாமல் நின்றுபோனது. குழு அவளை வேலையிலிருந்து நீக்கியது. கைநீட்டினவள் என்ற பேர் மட்டும் ஊரில் நின்றது. ஏத்தன் வாழைத் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். ஒருநாள் மனசு கேட்காமல், இலை அறுக்கும் அரிவாளோடு நேராக விடுதி வாசலில் போய் நின்றாள். பாலசுப்பிரமணியன் வெளியே வந்தார். அரிவாளைப் பார்த்தார். சிரித்தார்.

"வேலை கேட்டு வந்தியா? சமையல்கட்டுல பாத்திரம் கழுவ ஆள் வேணும். சேர்ந்துக்க."

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள். வெட்டினால் ஒரு நாளில் முடிந்துவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததாக, பின்னால் கணவன் கிருபைராஜிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளில் முடியக்கூடாது என்பதுதான் அவள் எண்ணம்.

கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த பெஞ்சில் உட்காரும் எனக்கு அது தெரியும். எங்கள் குருவானவருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து புத்தி சொன்னார். "மன்னிக்க முடியலன்னா முடியலன்னுதான ஐயா சொல்லணும்? ஆண்டவர்கிட்டப் பொய் சொல்லச் சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் பாலசுப்பிரமணியன் பெரிய திட்டம் ஒன்று போட்டார். பூங்காவை ஒட்டி அவருக்கு ஆறு ஏக்கர் உண்டு. அதில் 'இயற்கை உல்லாசப் பூங்கா'. கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம், கண்ணாடிப் பாலத்தில் நடக்கலாம், தங்குவதற்கு நாற்பது குடில்கள். அறுபது பேருக்கு வேலை என்றார். ஊர் சந்தோஷப்பட்டது. பூங்கா வாசலில் மாங்காயும் அன்னாசியும் நறுக்கி விற்கிற அன்னத்தாய்க்கு ஒரு கடையே கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஆறு ஏக்கரின் ஓரத்தில் ஓடையிலிருந்து ஒரு கிளை பிரிந்து, பாறைகளுக்கு நடுவே ஆழமாகத் தேங்கி, மறுபடி ஓடையில் சேரும். ஆழமான தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் கசம் என்று பேர். அதற்கு நீர்நாய்க் கசம் என்று பேர் இருந்தது. விடுதி கட்டும்போது உடைத்த கல்லையெல்லாம் கிளையின் வாயில் கொட்டி அடைத்துவிட்டார் பாலசுப்பிரமணியன். கசம் வற்றியது. நீர்நாய்களும் போய்விட்டன. யாரும் கவலைப்படவில்லை. இன்பமணியும் அப்போது கவலைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்தர் பானு வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவி. தானாகப் படம் எடுக்கும் கேமராப் பெட்டிகளோடு ஓடை ஓடையாக நடந்துகொண்டிருந்தாள். ஓடையைப் பற்றிக் கேட்டால் இன்பமணியைத்தான் கேட்க வேண்டும் என்று யாரோ தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

இன்பமணி அவளை வற்றிய கசத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். பானு குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"எவ்வளவு நல்ல இடம் அக்கா! தண்ணி இல்லாம ஆக்கிட்டாங்களே."

"தண்ணி இருந்து, நீர்நாயும் இருந்தா என்ன ஆகும்?"

"சட்டத்துல புலிக்குச் சமமா வச்சிருக்காங்க அக்கா. அது குட்டி போடுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு செங்கல் வைக்க விடமாட்டாங்க."

இன்பமணி அந்தக் கல்குவியலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "ஒரு செங்கல்லா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

கிளையின் வாய் ஓடைப் புறம்போக்கில் இருந்தது. அது அரசாங்க இடம், யாரும் தடுக்க முடியாது. மறுநாளே தொடங்கினாள். தோட்ட வேலைக்குப் போகும் முன்னால், விடிந்ததிலிருந்து ஒரு மணி நேரம். கல்லைக் கடப்பாரையால் நெம்புவது, உருட்டுவது, கரையில் அடுக்குவது. தை மாதம் தொடங்கியது மாசி, பங்குனி என்று நீண்டது. நகம் இரண்டு பிய்ந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. கிருபைராஜ் வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குகிறவர். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டார்.

"ஏளா, ஒனக்கு என்ன கிறுக்கா? யாரு ஒன்ன இதச் செய்யச் சொன்னது?"

"அவரு சிரிச்சாரு."

"யாரு?"

"அரிவாளோட போனேன்லா, அன்னைக்கு. சிரிச்சாரு."

 கிருபைராஜ் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிட்டு, அவளால் அசைக்க முடியாமல் விட்டிருந்த பெரிய கல்லில் கை வைத்தார். அதன் பிறகு தினமும் இரண்டு பேரும் போனார்கள்.

ஆனி மாதம் மலையில் மழை பிடித்தது. ஒரு காலையில் தண்ணீர் கிளைக்குள் பைய நுழைந்து, சருகுகளைத் தள்ளிக்கொண்டு கசத்தில் இறங்கியது. நான்கு நாளில் நிறைந்தது. குளத்துக் குத்தகைக்காரரிடம் உயிரோடு கெண்டையும் விரால் குஞ்சுகளும் வாங்கி, பானை பானையாகச் சுமந்துபோய் அதில் விட்டாள். வீட்டில் அந்த மாதம் மீன் குழம்பு இல்லை.

ஆடிக் கடைசியில் கசத்தின் பாறைமேல் எச்சம் கிடந்தது. மீன்செதில் மினுமினுக்கும் கறுத்த எச்சம். இன்பமணி அதைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுப் பானுவுக்குப் போன் செய்தாள். "வாம்மா. ஒன் பொட்டிகள எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

கேமராவில் ஐந்து நீர்நாய்கள் விழுந்தன. அதில் இரண்டு குட்டி.

புரட்டாசியில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சப்-கலெக்டர் அம்மா வந்திருந்தார். நானும் போயிருந்தேன். பாலசுப்பிரமணியன் வெள்ளை வேட்டியில் எழுந்து, வேலைவாய்ப்பைப் பற்றியும் இயற்கை மேல் தனக்கிருக்கும் பிரியத்தைப் பற்றியும் பேசினார். கைதட்டினார்கள். அன்னத்தாய், "எங்க வயித்துப்பாட்டுக்கு வழி வருது, அதக் கெடுத்துறாதீங்கம்மா" என்று கும்பிட்டாள். பிறகு பானு படங்களைத் திரையில் காட்டினாள். பாலசுப்பிரமணியன் முகம் மாறவில்லை.

"இது எந்த ஊர் ஓடையோ? நம்ம எடத்துல தண்ணியே கெடையாதே!"

அப்போது இன்பமணி எழுந்தாள். "தண்ணி இருக்கு. கல்லப் போட்டு நீரு அடைச்சேரு. நான் எடுத்துட்டேன். வாங்கம்மா, நடந்தே போயிருலாம், கால் மணி நேரம்தான்."

பதினோரு வருடம் முதலாளி, நீங்க என்று பேசியவள், அத்தனை பேர் முன்னிலையில் அவரை 'நீரு' என்றாள். கைதட்டியவர்கள்கூடத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

சப்-கலெக்டர் நடந்தே வந்து பார்த்தார். சர்வேயரை வரவழைத்து அளக்கச் சொன்னார். திட்டம் அதோடு நின்றது. அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. விடுதியின் சாப்பாட்டுக்கூடமும் ஆறு அறைகளும் ஓடைப் புறம்போக்கில் இருந்தன. பாலசுப்பிரமணியன் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். பலிக்கவில்லை.

இடிக்கிற அன்றைக்கு இன்பமணி தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சோற்றுத்தூக்கோடு போய் எதிரே இருந்த பாறையில் உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் இயந்திரம் சுவரைத் தள்ளும்போது எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல். பாலசுப்பிரமணியன் அவளிடம் நடந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"நீர்நாய் மேல ஒனக்கு எப்ப இருந்து இவ்வளவு அக்கறை?"

"நீர்நாய் மேல எனக்கு என்னவே அக்கறை? எனக்கு ஒம்ம மேலதான் அக்கறை."

அவள் தூக்கை மூடிக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குப் போன் பண்ணினேரா, இல்லையா? இங்கன யாரும் இல்ல. சொல்லும்."

இயந்திரம் இன்னொரு சுவரைத் தள்ளியது. புழுதி அடங்கும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணினேன். இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இங்கனயே நின்னு பாரும்" என்றாள் அவள்.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இயற்கையைக் காத்த பெண்மணி என்று எழுதினார்கள். ஒரு சங்கம் சால்வை போர்த்தியது. மேடையில் பேசச் சொன்னதற்கு, "ஒரு ஆளு மேல இருந்த கோவத்துல செஞ்சேன். நீர்நாய்க்கு நல்லதா முடிஞ்சிட்டு" என்று சொல்லி இறங்கிவிட்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் கசத்தில் குட்டி இருப்பதால் புது விதிகளும் வந்தன. அருவிக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர்தான். ஓடைக்கரையிலும் பூங்கா வாசலிலும் கடைகள் கூடாது. பதினோரு கடைகள் போயின. அன்னத்தாய் பஸ் நிறுத்தத்தில் இன்பமணியை மறித்துக் கேட்டாள்.

"ஒருத்தனப் பழிவாங்கணும்னு எங்க பதினோரு பேரு வயித்துல அடிச்சிட்டியே, நல்லா இருப்பியா?"

"அடிச்சிட்டேன்தான்" என்றாள் இன்பமணி.  பிறகு பஞ்சாயத்துக்கு நாலு மாதம் நடையாய் நடந்து, பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் ஏழு பேருக்கு இடம் வாங்கிக்கொடுத்தாள். குலுக்கலில் அன்னத்தாய்க்கு விழவில்லை. அவளும் இப்போது அதே ஏத்தன் தோட்டத்துக்குத்தான் வருகிறாள். ஒரே வரிசையில் நின்று இரண்டு பேரும் இலை அறுக்கிறார்கள். பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் குருவானவர் கோயில் வாசலில் இன்பமணியை நிறுத்திக் கேட்டார்.

"இப்பமாவது மனசு ஆறிச்சா, இன்பமணி?"

"இல்ல ஐயா. அவரு வேற எங்கயோ ஒரு ஓடக்கரையில எடம் பாக்குதாராம்" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எந்த ஊருன்னு விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்."