பிங்கோவுக்குப் பிந்தைய பாதி

ஷெஃபீல்டில் டிராமில் போகிறவர்களுக்கு ஜனீன் ஸ்டானிஃபோர்த்தை டிக்கெட் கொடுப்பவளாகத்தான் தெரியும். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே மழையை ரசிக்கிற கனவான்களை அவள் நான்கு சீட்டுக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவள் வேறு ஆள். பின்னறையில் ஒரு பழைய சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் ஒலியெழுப்புகிற கட்டை வாத்தியம், வைத்திருந்தாள்; அவள் பிறந்த வருஷத்தையொட்டிச் செய்த ஜப்பான் சரக்கு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை மதித்து, மற்றதைக் கண்டுகொள்ளாது. கூட ஒரு தாளப் பெட்டி, ஒரு டேப் ரெக்கார்டர். இவ்வளவுதான் அவளுடைய பக்கவாத்தியம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஊர் ஆடிய பாணியில் அவள் பாட்டுகள் கட்டினாள். பாணிதான் பழசு, பாட்டெல்லாம் புதுசு, எல்லாம் அவளே எழுதியது. "பழைய பாட்டைப் பாட ஆயிரம் பேர் இருக்காங்க" என்பாள். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

இதுவரை அவளைக் கேட்க வந்ததெல்லாம் தாடிக்காரர்கள். பப்பின் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பாட்டு முடிந்ததும் மேடைக்கு வந்து, மெஷின் எந்த வருஷத்து மாடல் என்று விசாரிப்பார்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆட்டமும் கிடையாது. ஜனீனுக்கு எரிச்சலாக வரும். இந்த இசை அன்றைக்குப் பதினெட்டு வயதில் கண்ணுக்கு மையை அப்பிக்கொண்டு ஆடிய பெண்களின் சொத்து. அவர்கள் இப்போது அறுபதைத் தாண்டி, ஞாயிறு மதியம் தொழிலாளர் கிளப்பில் பீரும் பிங்கோவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை ஒரு தடவையாவது எழுந்து ஆட வைக்க வேண்டும். முடியாவிட்டால் இத்தனை வருஷம் பின்னறையில் செய்ததெல்லாம் வெறும் விளையாட்டு என்று அவளே தீர்மானித்து வைத்திருந்தாள்.

கிளப்பில் கச்சேரிகளுக்குப் பொறுப்பாளர் கிளைவ் பாக்ஷா. எழுபது வயது. எதையும் எளிதில் மெச்சாத மனுஷன்.

"தனி ஆளா?" என்றார்.

"தனி ஆள்தான்."

"கிதார் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் கண்ணு இருக்கு உன்கிட்ட? சரி, வா. போன வாரம் மாயாஜாலக்காரன் வந்தான். முயலே வெளிய வரமாட்டேன்னுடுச்சு. அதைவிடவா மோசமாயிடப் போகுது."

அந்தக் கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவருக்கு இரண்டு பாதி, நடுவில் பிங்கோ, நம்ம ஊர்த் தம்போலா மாதிரி எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கிற ஆட்டம். முதல் பாதி சனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் பொறுப்பாளர் பிங்கோ நேரத்தில் வந்து பேசிய கூலியைக் கையில் கொடுத்து ஆளைப் பைசல் பண்ணிவிடுவார். பைசலானவர் பக்கக் கதவு வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். அப்படிப் போனவரை ஊரில் வேறெந்தக் கிளப்பும் கூப்பிடாது. செய்தி அவ்வளவு வேகமாகப் பரவும்.

அந்த ஞாயிறு ஜனீன் சீக்கிரமே வந்துவிட்டாள். பழைய மெஷினைப் போட்டவுடன் வாசிக்க முடியாது; சூடேற விட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். அதைச் சரியாகத்தான் செய்தாள். டேப்பில் பாஸ் என்கிற கீழ்ச்சுர வரிசையும் தாளமும் பதிவாகியிருந்தன. அதற்கு ஒத்துப்போகிற மாதிரி மெஷினுக்குச் சுருதி சேர்த்தாள். ஆனால் சேர்த்தது ஆளில்லாத, குளிர்ந்துபோன கூடத்தில். சனம் நிறைந்தபிறகு இன்னொரு தரம் சேர்க்க வேண்டும் என்பது இந்த மெஷின்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேர் முன்னால் வீய்ங் வீய்ங் என்று திருகிக்கொண்டிருக்க ஜனீனுக்குக் கூச்சம். விட்டுவிட்டாள்.

கூடம் நிறைந்தது. கிளைவ் ஹீட்டரை வேறு போட்டுவிட்டார். இரண்டாவது பாட்டில் அந்தச் சூட்டுக்கு மெஷினின் சுருதி மெல்ல இறங்கியது. டேப் ஒரு பக்கம் போக, மெஷின் இன்னொரு பக்கம் போயிற்று. அவள் குமிழைத் திருகிச் சரிசெய்தாள், மறுபடி இறங்கியது.

முன் மேஜையிலிருந்து லொரெய்ன் என்ற பெண்மணி குரல் கொடுத்தாள். "கண்ணு, உன் பெட்டிக்கு வயித்துவலி போலிருக்கே. ஏதாவது மாத்திரை குடுத்துப் பாரேன்."

மேஜை மேஜையாகச் சிரிப்பு போயிற்று. ஜனீனுக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படியோ முதல் பாதியை ஒப்பேற்றினாள்.

கிளைவ் மேடையோரம் வந்து தாழ்ந்த குரலில், "தப்பா எடுத்துக்காத கண்ணு. பக்கக் கதவு திறந்திருக்கு. பெட்டியைத் தூக்க ஆள் அனுப்பறேன்" என்றார்.

"பைசல் பண்ணாதீங்க கிளைவ்."

"சனம் குடிச்ச பீரைப் பாதில வச்சுட்டுப் போகுது. அடுத்த வாரமும் இங்க நான் முகத்தைக் காட்டணுமே."

"ரெண்டு பாட்டு குடுங்க. யாரும் ஆடலன்னா நானே பிளக்கைப் பிடுங்கிட்டுப் போயிடறேன்."

அவர் மோவாயைச் சொறிந்தார். "ரெண்டே ரெண்டு" என்றார்.

பிங்கோ தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அங்கே தும்மினால்கூட நூறு பேர் முறைப்பார்கள். சுருதி சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஜனீன் மேடைப் படியில் உட்கார்ந்து யோசித்தாள். டேப்பின் சுருதி மாறாது, மெஷினின் சுருதி நிற்காது. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண முடியாது. டேப்பை வெளியேற்றிவிட்டால்? தாளப் பெட்டிக்குச் சுருதித் தொல்லை கிடையாது. மெஷின் பாஸை வாசிக்கட்டும். அது எவ்வளவு இறங்கினாலும் ஒத்துப் பார்க்க வேறு வாத்தியம் இல்லையென்றால் யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் மெஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே? அப்படியானால் மெட்டை யார் வாசிப்பது?

அவள் தொண்டைதான் மிச்சம். அந்தத் தொண்டையை அவள் இதுவரை மைக்கில் சேர்க்கிற எதிரொலிக்குப் பின்னால் ஒளித்தே வைத்திருந்தாள். தன் குரலைத் தனியாகக் கேட்க அவளுக்கே பயம்.

பிங்கோ முடிந்தது. ஜனீன் டேப்பை நிறுத்தி, எதிரொலியை அணைத்தாள். தாளம் டிக் டிக்கென்று தொடங்கியது. இடது கையில் பாஸ் உறுமியது. மெஷின் வழக்கம்போல் இறங்கத்தான் செய்தது. அவள் குரலும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியது. அவள் குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. டிராமில் நாள்பூராவும் கத்திய குரல். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

முதல் பாட்டில் மேஜைக்கடியில் கால்கள் தாளம் போட்டன. இரண்டாவது பாட்டில் லொரெய்ன் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து, பக்கத்தில் இருந்தவளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, சிரிக்காமல், இப்படி ஓரடி அப்படி ஓரடி. அந்தக் காலத்து ஆட்டமேதான். மற்ற மேஜைகளும் காலியாகத் தொடங்கின. இரண்டு பாட்டுக் கணக்கு முடிந்தும் பிளக் பக்கம் யாரும் வரவில்லை. கிளைவ் நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி ஆடுவதற்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் செய்கிற பாராட்டு அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து ஜனீன் ஒயர்களைச் சுருட்டும்போது லொரெய்ன் மூச்சு வாங்க மேடையோரம் வந்து நின்றாள்.

"கடைசியாப் பாடினியே, அதுக்கு நான் ஆடியிருக்கேன் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடி. எண்பத்தொண்ணுல."

போன பிப்ரவரியில் ஜனீன் எழுதிய பாட்டு அது.

"நல்லா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"என்கிட்டயே பந்தயமா? பச்சை ஷூ போட்டிருந்தேன். கால் ரெண்டும் கொப்புளம். பாட்டுப் பேருதான் நாக்கு நுனில நிக்குது, வரமாட்டேங்குது."

ஜனீன் சுருட்டிய ஒயரைக் கீழே வைத்தாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை. திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

"ஈரக் கண்ணாடி" என்றாள்.

லொரெய்ன் மேடையைத் தட்டினாள். "அதேதான்."