அப்பாவை அலுவலகமாக்கிய புருலாய்

எங்கள் விவசாயப் பல்கலைக்கழகத்தில் யாரும் ஓர் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கையில் வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போவோம். மேற்கோள் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அதில் நம் பெயர் இருந்தால் அருமையான ஆய்வு. இல்லையென்றால் முன்னுரையிலேயே குறை கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் தலைநகர் பிஷ்கெக் முழுக்க இதுதான் வழக்கம். ஜூரா என்கிற மகாயோக்கியமான என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அறையில் ஜன்னலோர மேசை புருலாயுடையது. அத்-பாஷி என்கிற மலையூரில் தேனீ வளர்த்த சபிர் என்பவரின் மகள். கணவர் மெதெர்பெக் மினிபஸ் ஓட்டுகிறார், வீட்டில் மூன்று பையன்கள், பல்கலைக்கழகத்தில் யாருக்கும் வேண்டாத காலை வகுப்புகளெல்லாம் அவள் தலையில். இத்தனைக்கும் நடுவில் தன் அப்பாவின் வெள்ளைத் தேனைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். எஸ்பார்செட் என்கிற இளஞ்சிவப்புப் பூவிலிருந்து வரும் தேன் அது, உறைந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று அவள் சிரிப்பு. சந்தோஷம் வந்தாலும் சிரிப்பாள், பயம் வந்தாலும் சிரிப்பாள். எது எந்தச் சிரிப்பு என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனவள் மேற்கோள்களைப் பராமரிக்கும் மென்பொருள் ஒன்றோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“அக்கா, இங்க வந்து பாரேன். கட்டுரையோட விவரத்தை ஒரு தடவ இதுக்குள்ள போட்டா போதும். எழுதிக்கிட்டே வந்து இத அமுக்கினா மேற்கோள் தானா விழும். பட்டியலும் கடைசில தானா வந்து உக்காரும்.”

“பட்டியல்ல வர்ற கோடு? சாய்கோடு?”

“அதுவும் அதுவே போட்டுக்கும்.”

எனக்கு வயிறு எரிந்தது. என் காலத்தில் ஒரு கோடு குட்டையாகிவிட்டது என்று பட்டம் கொடுக்கும் கவுன்சிலின் செயலாளர் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார். நான் கழிப்பறையில் நின்று அழுதிருக்கிறேன். இவளோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கிறாள். ஒரே மாதத்தில் துறையே அவள் மேசை முன்னால் வரிசை கட்டி நின்றது. சூடான சம்சா ஒன்று கொண்டுவந்தால் யாருடைய பட்டியலையும் சரிசெய்து கொடுப்பாள். அந்தச் சம்சாக்களில் பாதியைத் தின்றவள் நான்தான், அதனால் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கியது.

அவளுக்குப் பட்டம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறிவிடாது.

“எங்கப்பாவுக்காகத்தான்,” என்றாள். சபிர் இருந்தவரை அவள் பாஸ்போர்ட்டில் சபிரோவா என்றிருந்தது. ‘என் பேருக்குப் பின்னாடி அந்த ருஷ்ய வால் எதுக்கு? வெட்டிப் போடு’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இவளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அவர் போன பிறகுதான் வரிசையில் நின்று பெயரை மாற்றினாள். சபிர் கிஸி புருலாய். சபிரின் மகள் புருலாய். “தேசிய நூலகத்துல ஒரு புத்தகத்து மேல எங்கப்பா பேர் முழுசா நிக்கணும் அக்கா. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

கடைசியில் ஆய்வேடு முடிந்தது. அவள் பட்டனை அமுக்கினாள். பட்டியல் மளமளவென்று வந்து நின்றது. கை தட்டினாள், நானும் தட்டினேன். அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.

எங்களிடம் எதிர்வாதி என்றொரு பதவி உண்டு. ஆய்வேட்டைப் படித்துக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். புருலாய்க்கு வாய்த்தவர் துர்துபெக் ஊலு இஷென், அதாவது துர்துபெக்கின் மகன் இஷென். எஸ்பார்செட் பூ என்றால் அவர், அவர் என்றால் எஸ்பார்செட் பூ. வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்து வேண்டும். எங்கள் கவுன்சிலின் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த கவுன்சில் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. கையெழுத்து தவறினால் அத்தனை வருட உழைப்பும் அலமாரிக்குத்தான் போகும்.

அவர் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

“முப்பது வருஷமா நான் அந்தப் பூவத் தவிர வேற எதையும் எழுதல. ஊர்ல இருக்கற ஆட்டுக்குக்கூட அது தெரியும். உனக்குத் தெரியலையாம்மா?”

“அகாய், உங்களப் பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருக்கேனே.” எங்கள் பக்கம் ஆசிரியரை அகாய் என்றுதான் கூப்பிடுவோம்.

“எங்க சொல்லியிருக்க? ‘து’வுல பாத்தேன். ஈ காக்கா இல்ல.”

புருலாய் பக்கத்தைப் புரட்டினாள். ‘ஊ’வில் வந்து நின்றாள். அங்கே ஒரு பெருங்கூட்டமே இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேருடைய மகன்களும் ஊலு, ஊலு என்று ஒருவர் கீழ் ஒருவராக நின்றார்கள். நடுவில் ஒரு வரி: ஊலு இ. து.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கட்டுரைகளில் இஷென் துர்துபெக் ஊலு என்று சொந்தப் பெயரை முன்னால் வைத்துத்தான் அச்சிடுவார்கள். கடைசியாக வருவதைக் குடும்பப் பெயர் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. மகன் என்கிற சொல்லைப் பெயராக்கி, மற்றதையெல்லாம் முதலெழுத்தாக நறுக்கிவிட்டது.

“யாரு இந்த ஊலு?”

“நீங்கதான் அகாய்.”

“நான் மகன்னு எனக்கே தெரியும். யாரோட மகன்? எங்கப்பா எங்க?”

“அந்த ‘து’... அவர்தான்.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். “போருக்குப் போய் ஒத்தக் காலோட வந்து எங்களை வளத்த மனுஷன். ஒரு எழுத்தா அவரு?” என்றார்.

புருலாயின் கண் அதற்குள் ‘கி’க்குப் போயிருந்தது. அங்கே மகள்களின் கூட்டம். அவள் எழுதிய கட்டுரைகளுக்காக அதில் அவளும் இருந்தாள்: கிஸி பு. ச. அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அது பயச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

“சிரிப்பு வருதா? ரெண்டு பேரும் வெளிய போங்க. எங்கிட்ட கையெழுத்து கெடையாது.”

காரில் ஏறியதும் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. “அவர விடு அக்கா. எங்கப்பாவ நானே வெட்டிட்டேன். கை தட்டினேனே ஒழிய, ஒரு பக்கத்தத் திருப்பிப் பாக்கல.”

“ஊரெல்லாம் பின்னாடியிருந்து படிக்குது. நீ மட்டும் பின்னாடி போகவே இல்ல. அறிவுகெட்டவளே,” என்று திட்டினேன். எனக்கும் அழுகை முட்டியது, திட்டினால்தான் அது அடங்கும்.

மறுநாள் காலை வேலையில் இறங்கினோம். கையால் திருத்தித் தொலை என்று யோசனை சொன்னது நான்தான். அவளும் வரிவரியாகத் திருத்தினாள். பிறகு வழக்கம்போல அந்தப் பட்டனை ஒருமுறை அமுக்கினாள். மகன்கள் எல்லோரும் பழையபடி ‘ஊ’வுக்கு ஓடிப்போய்விட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தாள். கடைசியில் பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி கண்ணில் பட்டது. அதைத் தொட்டால் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்கிற இரண்டு கட்டமும் ஒரே கட்டமாகிவிடும். அமைச்சகம், கல்லூரி, அலுவலகம் போன்றவற்றின் பெயருக்காக வைத்தது. அலுவலகத்தின் பெயரை யாரும் நறுக்கக் கூடாதல்லவா, அதனால் போட்டது போட்டபடியே இருக்கும்.

மேசையை ஓங்கித் தட்டினாள். “அக்கா, எங்கப்பா இனிமே ஆபீஸ்.”

அதற்குப் பிறகு சிரித்தது நல்ல சிரிப்பு. நான் பெயர்களைப் படிக்கப் படிக்க, அவள் ஒவ்வொரு மகனையும் மகளையும் அலுவலகமாக்கிக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் எல்லா அப்பாக்களும் அவரவர் எழுத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரும் சத்தமாகப் படித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை இஷென் ஊருக்கு வெளியே தன் தோட்ட வீட்டில் இருந்தார். மெதெர்பெக்கின் மினிபஸ்ஸிலேயே போய் இறங்கினோம். பாதாமி மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். புருலாய் புது அச்சை அவர் மடியில், கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள்.

மனுஷனால் எவ்வளவு நேரம் பார்க்காமல் இருக்க முடியும்? ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ‘து’வில் விரல் வைத்தார். துர்துபெக் ஊலு இ. அதற்குக் கீழே துர்துபெக் ஊலு இ. பக்கத்தின் அடி வரைக்கும் துர்துபெக்தான்.

“இப்ப நான்தான் ஒரு எழுத்தா?”

“ஆமா அகாய். அப்பா முழுசா இருக்கார்.”

“அது சரி. அப்படித்தான் இருக்கணும்.” விரலை எடுக்காமலே கேட்டார், “கம்ப்யூட்டர எப்படி இதுக்குச் சம்மதிக்க வெச்ச?”

“உங்க அப்பாவ ஒரு ஆபீஸ்னு சொல்லிட்டேன்.”

“என்ன ஆபீஸ்?”

“யாரு கையெழுத்து கேட்டாலும் சீக்கிரம் போட மாட்டாங்களே, அந்த மாதிரி ஆபீஸ்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் இவள் வாயைக் கொடுக்கிறாளே என்று அவள் இடுப்பைக் கிள்ளினேன். கிழவரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “ஏ, உள்ள யாரு? தேநீர் கொண்டா,” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். பேனாவை மெதெர்பெக்கின் சட்டைப் பையிலிருந்து தானே உருவிக்கொண்டார்.

கவுன்சிலில் ஒரு எதிர் வாக்குகூட விழவில்லை. அன்று மாலை விருந்து நடுவில் புருலாய் அச்சான அட்டையையும் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அத்-பாஷிக்கு, தன் அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே ஃபோன் வந்தது. நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சபிர், சபிர்னு மூணு வரி இருக்கேடி. உன்னையக் காணோமே?”

“நல்லாப் பாருங்கம்மா. அப்பாவுக்குப் பின்னாடி ‘பு’ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதான் நான்.”

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போல. பிறகு அம்மா சொன்னாள்: “ஆமாண்டி. தேன்பெட்டிக்குப் போறப்பவும் அப்படித்தான் போவீங்க. அவர் முன்னால முழுசாத் தெரிவார், பின்னாடி நீ பொட்டாட்டம் ஓடுவ.”

புருலாய் சிரித்தாள். அது எந்தச் சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.