நான் வெட்டிய நாற்பது நிமிடம்

போன கிழமை சந்தையில் சரோஜா அக்காவைக் கண்டேன். கண்டதும் கேட்டேன்: "அக்கா, நான் செஞ்சு தந்த சீடி எப்பிடி?"

பாராட்டு வாங்குவதற்கென்றே கேட்கும் கேள்வி அது. எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு. உங்களுக்குத் தெரியாததா?

"நல்லாத்தான் இரிக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

அக்காவுக்குக் களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஒழுங்கையில்தான் வீடு. மகன் ரமணனுக்கு லண்டனில் கலியாணம். அக்காவுக்கு வீசா கிடைக்கவில்லை. பெற்ற தாய் இல்லாமலே தாலிகட்டு முடிந்தது. முழு வீடியோவையும் மகன் ஒரு பென் ட்ரைவில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அக்காவிடம் இருப்பதோ கையில் தூக்கிப் போகிற டீவீடி பிளேயர். மூடியைத் திறந்தால் படம் தெரியுமே, அது. பென் ட்ரைவ் செருக அதில் இடமே இல்லை.

"போன்ல பாத்தா ஆக்கள் எறும்பு மாதிரித் தெரியிது. இதெண்டா பைக்குள்ள வெச்சி பெரியகல்லாறு வரைக்கும் கொண்டுபோய் சொந்தக்காரருக்கும் காட்டலாம். சீடியாக்கித் தா தம்பி."

"இதென்ன பெரிய வேலையா அக்கா?" என்றேன். வாய்தானே!

என் லப்டொப்பில் டிஸ்க் போடுகிற தட்டே கிடையாது. காத்தான்குடியில் போன் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) டீவீடி ரைட்டரை இரவல் வாங்கினேன். வெற்று டிஸ்க்கும் அவர்தான் தூசி தட்டி எடுத்துத் தந்தார். "இன்னும் இதுல படம் பாக்குற ஆக்கள் இரிக்காங்களா சேர்?" — அவருக்கு ஒரே சிரிப்பு.

ஃபைலை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டேன். பிளேயர் கையை விரித்துவிட்டது. அதற்குரிய ஃபோர்மட்டுக்கு மாற்ற வேண்டுமாம். சரி, மாற்றுவோம் என்று உட்கார்ந்தால்... வீடியோ இரண்டே முக்கால் மணித்தியாலம். டிஸ்க்கில் தெளிவாகப் பிடிப்பது இரண்டு மணித்தியாலம்.

இரண்டு டிஸ்க்காகப் போட்டிருக்கலாம். ஆனால், எனக்குள் ஒரு எடிட்டர் தூங்கிக்கொண்டிருந்தாரே, அவர் எழும்பிவிட்டார். கார்கள் வந்து நிற்பது — வெட்டு. சாப்பாட்டு மண்டபம், நாற்பது நிமிடம் — ஊரார் சோறு சாப்பிடுவதை யார் பார்ப்பார்கள்? வெட்டு! கச்சிதமாக ஒரே டிஸ்க். கொண்டுபோய்க் கொடுத்தபோது, வெட்டியதைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

இனிச் சந்தைக்கு வருவோம்.

"பெரியகல்லாறுக்குக் கொண்டுபோய்க் காட்டினீங்களா அக்கா?"

"இல்ல. என்னத்தக் காட்டுற?" கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "என்ட அண்ணனும் லண்டன்லதான் இரிக்கார். எங்கட அம்மாட செத்தவீட்டுக்கு அவர் ஓடி வந்தும் முகம் பாக்கக் கிடைக்கல்ல. நாங்க இன்னும் ஒரு நாள் வெச்சிரிக்கலாம்... வெக்கல்ல. அண்டையில இரிந்து என்னோட பேச்சில்ல. இப்ப ரமணன்ட கலியாணத்துக்கு வந்து அறுகரிசி போட்டு வாழ்த்திரிக்கார். சீடியில கண்டன்."

"பிறகென்ன அக்கா? நல்லதுதானே?"

"அது மருமகனுக்குப் போட்ட அறுகரிசி. இரிந்து சாப்பிட்டாத்தான் தம்பி என்னோட உள்ள கோவம் தீந்திட்டு எண்டு அர்த்தம். அவர் சாப்பிடாமப் போயிட்டார் போல. அம்மாக்கு நோகும் எண்டு, புள்ள அந்த இடத்த அப்பிடியே வெட்டிப்போட்டு அனுப்பிரிக்கான்."

"ரமணனிட்டக் கேக்கல்லையா?"

"மறைச்சவனிட்ட என்னெண்டு கேக்கிற?"

சந்தைப் பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா... வெட்டினது ரமணன் இல்ல. நான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். வெட்கமாக இருந்தது. பத்து நாளாக இதையே நினைத்து ஒரு மனுசி மனம் வெந்திருக்கிறார். நானோ, என்னுடைய எடிட்டிங் எப்படி என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்!

"பென் ட்ரைவ் என்னட்டத்தான் இரிக்கு. வாங்க, லப்டொப்பில இப்பவே பாப்பம்."

"வேணாம். அவர் சாப்பிடாமப் போயிருந்தா அத நீயும் பாக்கத் தேவல்ல. சீடியில போட்டுத் தா. நான் வீட்ட தனிய இரிந்து பாக்கன்."

அன்று மத்தியானமே இரண்டாவது டிஸ்க் எழுதினேன். நாற்பது நிமிடம், ஒரு வாளி சாம்பாரைக்கூட வெட்டாமல். வீடியோ மாறிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் படம் சின்னதாக ஓடும். அதன்மேல் துவாயைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். நம்புங்கள்.

டிஸ்க்கை வாங்கிப்போன அக்கா பின்னேரம் திரும்பி வந்தார். அழுத முகம்.

"கமரா கிட்ட வரக்குள்ள எல்லாரும் வாயப் பொத்துதுகள், அங்கால திரும்புதுகள். அண்ணன் மட்டும் நிமிந்து, கமராவையே பாத்து ஒரு வாய் சோறு வெக்கிறார் தம்பி. எனக்குக் காட்டித்தான் வெக்கிறார்!"

சொல்லிவிட்டு மறுபடி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பானேன்?

"உடன போன் எடுத்தன்" என்றார்.

"பேசினவரா? என்ன சொன்னவர்?"

"ஓம், பேசினவர். 'இப்பதான் பாத்தியா?' எண்டு கேட்டார்."

எங்கே ஓடி ஒளிவது? "அதுக்கு நீங்க..?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சீடி வரச் சுணங்கிட்டு எண்டு சொன்னன். உன்ட பேரச் சொல்லல்ல, பயப்பிடாத."