காலையில் நன்றாகத்தான் இருந்தாள்

சென்னையில் வருடந்தோறும் டிசம்பரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில், மாணவர் குறும்படப் போட்டிக்கு என் மகளின் படம் தேர்வாகியிருந்தது. அதைச் சொல்ல அவள் கூப்பிட்டபோது நான் ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"நைனா, நம்ப படம் செலக்ட் ஆயிடுச்சி."

நம்ப படம் என்று அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். இரும்பு உருக்கும் ஆலையில் இருபத்தைந்து வருடமாக பர்னஸ் முன்னால் நிற்கிறவன் நான். என் முகம் தியேட்டர் திரையில் வரப்போகிறது என்றதும் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

படத்தை அவள் எடுத்தது அதற்கு முந்தைய வருடம், நவம்பரில். கூடப் படிக்கும் பெண் ஒருத்தியோடு கேமராவை எடுத்துக்கொண்டு நான்கு நாள் வீட்டுக்கு வந்தாள். நான் பல் தேய்ப்பதை, சைக்கிளைத் துடைப்பதை, சாதம் வடிப்பதை எல்லாம் எடுத்தாள்.

"இன்னாம்மா இது, இதெல்லாமா படம்?" என்றேன்.

"நீ பாட்டுக்கு வேலயப் பாரு நைனா. கேமராவப் பாக்காத."

கல்லறைத் திருநாள் அன்று என் மனைவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். அங்கேயும் வந்தாள். நான் சிலுவைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தபோது, கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அம்மா எப்டி நைனா போனாங்க?"

"திடீர்னுதாம்மா. காலைல நல்லாத்தான் இருந்தா," என்றேன்.

அவள் கேமராவை இறக்காமல் நின்றாள். வெயிலில் நிற்கிறாளே என்று நான் குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மனைவி இறந்தபோது மகளுக்குப் பதினொரு வயது. நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தலை பின்னக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனேன். பெண்பிள்ளையைத் தனியாக வளர்த்த ஒரு தகப்பனைப் பற்றிய படமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

திரையிடும் நாளில் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ரயிலேறினேன். தியேட்டர் வாசலில் எல்லோர் கழுத்திலும் நாடாவில் அட்டை தொங்கியது. வெளிநாட்டுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். மகள் எனக்கும் ஓர் அட்டையை மாட்டிவிட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயம் போலிருக்கிறது என்று நினைத்து, "நல்லா வரும்மா," என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான்காவதாக அவள் படம் வந்தது. 'முதல் ஷிப்ட்' என்று பெயர். விடியாத தெருவில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன். பின்னணியில் அவள் குரல், வீட்டில் பேசுகிற அதே பேச்சு:

"அன்னிக்கி விடிகாலைல அம்மா எழுந்து உக்காந்துக்கினு இருந்தாங்க. நெஞ்ச ஒரு மாதிரி அழுத்துது, கையெல்லாம் வலிக்குது, இன்னிக்கி போவாம இரேன்னு சொன்னாங்க. நைனா சட்டைக்கு பட்டன் போட்டுக்கினே சொன்னாரு, வாயுவா இருக்கும், சோடா வாங்கிக் குடி, இன்னிக்கி புது பர்னஸ் ஓட்டறாங்க, நான் இல்லன்னா நடக்காதுன்னு. நான் போர்வைக்குள்ள முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

ஒரு சொல் பிசகவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன். புது பர்னஸை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாள் அது. முந்தின நாள் மேனேஜர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் முன்னாடி நிக்கணும்," என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். நான் இல்லாவிட்டாலும் அது ஓடியிருக்கும். ஒன்பது மணிவாக்கில் கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தார். பக்கத்து வீட்டம்மா என் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது. மகள் அந்த ஆட்டோவில் இருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "காலைல நல்லாத்தான் இருந்தா," என்றேன். முதலில் யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை. ஒருமுறை வாயிலிருந்து வந்த பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. பத்து வருடத்தில் எனக்கே அதுதான் நடந்தது போல ஆகிவிட்டது.

திரையில் இப்போது கல்லறை வந்தது. என் கை சிலுவையில் சுண்ணாம்பு பூசுகிறது. அவள் கேட்கிறாள். நான் கேமராவைப் பார்க்காமல் பதில் சொல்கிறேன். கீழே ஆங்கிலத்தில் அதே வரி ஓடுகிறது. அதோடு படம் முடிந்தது.

கைதட்டினார்கள். மகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சியை நடத்துகிறவர், அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார். அவள் நான் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். எழுந்து நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடியும் கைதட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா குனிந்து, "இத எடுக்க விட்டீங்களே, ரொம்பப் பெரிய மனசு சார்," என்றார்.

"ஆமாங்க," என்றேன். அதுவும் பொய்தான்.

திரும்பும் ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினோம். பிறகு நான்தான் கேட்டேன்.

"முழிச்சிக்கினு இருந்தியா நீ?"

"உம்."

"பத்து வருஷமா ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

"கேட்டேனே நைனா. கல்லறைல வச்சி கேட்டேனே." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்காவது சொல்லுவன்னு நெனச்சேன். நீ சொல்லியிருந்தா படம் வேற மாதிரி முடிஞ்சிருக்கும்."

எதிரே ஒரு பெண் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பொன்னேரியில் அந்தப் பெண் இறங்கினாள். மகள் மெதுவாகச் சொன்னாள்:

"வேணும்னா படத்துலருந்து அந்த கல்லறை எடத்த எடுத்துடறேன் நைனா. இன்னும் நெறைய ஊருக்கு அனுப்பணும். எடுத்துட்டா யாருக்கும் தெரியாது."

"வேணாம். இருக்கட்டும்."

"கோவமா?"

"உம்மேல இல்லம்மா."

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, பரிசளிப்பு. வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பவும் செய்தேன். ஆனால் கவரைப்பேட்டையில் இறங்கி, பக்கத்திலிருக்கும் ஆரணிக்கு பஸ் ஏறினேன். என் மனைவியின் அண்ணன் அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தங்கைமேல் உயிராக இருந்தவர். சாவுக்கு வந்த அன்று என் தோளைப் பிடித்து உலுக்கி, "எப்டிய்யா?" என்று கேட்டவர். அவரிடமும் நான் அதைத்தான் சொன்னேன்.

வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா மாப்ள. பாப்பாவுக்கு இன்னிக்கித்தான பரிசு? நீ போவல?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"போவாதன்னு சொன்னாளா?"

"சொன்னா மச்சான்."

"அவ வாயால சொன்னாளா?"

"ஆமா."

துணியைப் பிழிந்து ஆட்டோ கம்பியில் போட்டார். "வருஷா வருஷம் எந்தோள்மேல கைய போட்டுக்கினு கல்லறைக்கு வந்தியே மாப்ள," என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தார். "கெளம்புங்கண்ணா. அவரு இப்ப பேச மாட்டாரு," என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மகள் கூப்பிட்டாள்.

"நைனா, மொத பரிசு குடுத்துட்டாங்க. எங்க இருக்க நீ? உன்னத் தேடினேன்."

"ஆரணில."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் அழுதாள். அவளுக்குப் பின்னால் மைக்கில் வேறு யாருடைய பெயரையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் கேட்டது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் இப்போது நான் பார்த்தேயிராத ஊர்களின் விழாக்களுக்கெல்லாம் போகிறது. ஒவ்வொரு ஊரையும் அவள் போனில் சொல்வாள். "சந்தோஷம்மா," என்பேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்காது. மச்சான் இன்னும் என்னிடம் பேசவில்லை. மகள் பேசுகிறாள். முன்பைவிட அதிகமாகவே பேசுகிறாள்.

போன மாதம் வந்திருந்தபோது, இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேட்டேன்: "அன்னிக்கி நான் போனப்புறம் உங்கம்மா எதுனா சொன்னாளா?"

அவள் சாதத்தைப் பிசைந்தபடியே யோசித்தாள்.

"நீ டிபன் பாக்ஸ எடுத்துக்கினு போனியான்னு பாக்கச் சொன்னாங்க. பாத்துட்டு, எடுத்துக்கினு போயிட்டாருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சரி, நீ படுத்துக்கோன்னாங்க."