சர்டிபிகேட்டில் ஒரு வரி

போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து வீட்டு லூர்து டீச்சரின் பேத்திக்கு ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை போட்டாளே ஒரு சத்தம்! சர்ச்சே திரும்பிப் பார்த்தது. அவள் அம்மா ஸ்டெல்லா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஏன் சிரித்தாள்? அதைச் சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போகணும்.

டீச்சர் தன் மகனுக்கு ஓடைப்பட்டியில் பெண் பேசி முடித்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரர் மகள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நான சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். பெண்ணின் சர்டிபிகேட்டில் ஒரு வரி — ‘மரண ஆபத்தில், வீட்டில் கொடுக்கப்பட்டது.’ பிறந்த அன்றைக்கே!

டீச்சருக்கு முகம் செத்துப்போனது. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் போனார்.

“ஏழு மாசத்துல பொறந்த புள்ளையாமே... நாளைக்கு இவ வயித்துல புள்ளை தங்குமா?” என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டேவிட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள்.

“நெசந்தான் அத்தை. கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தேனாம். பொழைக்க மாட்டேன்னு நர்சம்மாவே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டாக. நானும் டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன். புள்ளை பெறலாம், கொஞ்சம் முந்திப் பொறந்தாலும் பொறக்கும், கவனமா இருக்கணும்னாக. சரின்னா சொல்லுங்க. இல்லைன்னா காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. எனக்கு வருத்தமில்லை.”

அடேங்கப்பா! நானாயிருந்தால் உள்ளே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

டீச்சர் காபியைக் குடித்தார். கிளம்பவில்லை.

ஜாதகம் பார்க்கிற எங்கள் வீடுகளில் நட்சத்திரம் கேட்போம், அங்கே சர்டிபிகேட். பிறந்த நேரத்தை வைத்துப் பெண்ணை எடைபோடுவதில் மட்டும் நமக்குள் மத வேறுபாடே கிடையாது!

கல்யாணம் முடிந்தது. பிறகு டாக்டர் சொன்னபடியேதான் நடந்தது. எட்டாம் மாதமே பிரசவம். குழந்தை இரண்டு கிலோ கூட இல்லை. இன்குபேட்டரில் வைத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டீச்சர் கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்.

“இப்பவே ஞானஸ்நானம் குடுத்துருவோம் ஆத்தா... ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

ஸ்டெல்லா கட்டிலில் படுத்தபடியே அவர் கையைப் பிடித்தாள். “ஆபத்து இல்லைன்னு டாக்டரம்மா சொல்றாக அத்தை. எம் மகளுக்கு அந்த வரி வேணாம். கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய்க் குடுப்போம்.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்ன பெண் இவள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மாதம் கழித்துப் போன ஞாயிறு, சர்ச் ஆபீஸில் புது சர்டிபிகேட்டை டீச்சர் சத்தமாகப் படித்தார். இடம் — கோயில். இன்னொரு தடவையும் படித்தார்.

“நாளைக்கு எவ வந்து எம் பேத்தியைக் கேள்வி கேக்கான்னு பாத்துருவோம்!”

முதலில் கேட்டவர் யார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை... பிரியாணி பரிமாறுவது அவர்தானே!