சூதாட்ட விடுதியில் ஒரு ரொட்டி அலமாரி

லோர்னா டிரெவித்திக்கைப் போன வாரம் அடக்கம் செய்தோம். கொலராடோ மலையில் எங்கள் சிற்றூரின் ஒரே மளிகைக்கடைக்காரி. ஒருநாளும் சூதாடாதவள், கடைசிச் சில வருடங்கள் சூதாட்ட விடுதியின் சிவப்புச் சீருடையில் வேலைக்குப் போனாள். அது எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுரங்கம் மூடியபின் ஊருக்கு வருமானமில்லை, பள்ளிக்கூரை ஒழுகியது. சூதாட்டத்தை அனுமதிக்கலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடந்தபோது அவளும் சரி என்றுதான் போட்டாள். கடைக்கு நாலு, காசு போட்டு ஆடும் இயந்திரம் மூலையில் இருக்கும், வியாபாரம் அதுபாட்டுக்கு நடக்கும் என்று நம்பினோம். அவள் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் நாலு வைத்தாள். ஆட வந்தவர்கள் காசு வாளியை ரொட்டிமேலேயே வைத்தார்கள்.

பள்ளிக்குப் புதுக்கூரை வந்தது. கட்டடங்களின் விலை ஏறியது, கூடவே வரியும். மாவு இருந்த இடத்துக்கும் காய்கறி இருந்த இடத்துக்கும் இயந்திரங்கள் வந்தன. இயந்திரம் உள்ள இடத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்பது சட்டம். அவர்களுக்கு ரொட்டியை வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள்.

தன் முடிதிருத்தகத்தைச் சூதாட்ட விடுதிக்காரர்களுக்கு விற்றுவிட்டிருந்த டென்சில் அவளுக்கும் புத்தி சொன்னார்.

"ரொட்டியத் தூக்கிடு லோர்னா. எதிர் விடுதில சும்மாவே சாண்ட்விச் தர்றான்."

"ஆடுறவனுக்குத்தான தர்றான். ஆமா, நீ இப்ப முடி எங்க வெட்டிக்கிற?"

"மலை இறங்கித்தான் போறேன்."

"ரொட்டிக்கும் இறங்கணுமாக்கும்."

வரி கட்ட முடியாமல் கடைசியில் அவளும் பக்கத்து விடுதிக்கே விற்றாள். ஒரே நிபந்தனை: வாசலோரம் ரொட்டி அலமாரி இருக்க வேண்டும், அதை அவளே பார்த்துக்கொள்வாள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு சீருடையையும் கொடுத்தார்கள்.

"என்னம்மா, சீட்டுப் போடுற வேலையா?" என்று டென்சில் சீண்டினார்.

"இங்க மட்டும் போட்ட காசுக்கு ஏதாவது கைக்கு வரும். ரொட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

அடக்கத்துக்கு வந்திருந்த விடுதி மேலாளர், அலமாரி பற்றிய ஒப்பந்தம் அவளோடு மட்டும்தான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நேற்றுக் காலை அலமாரி இருந்த இடத்தில் இயந்திரம் நின்றது. ரொட்டி வண்டிக்காரர் தெருவில் விழித்துக்கொண்டு நின்றார்.

"வண்டியத் திருப்பிடவா?"

"என் வீட்டு முன்னறையில இறக்கு" என்றார் டென்சில். "எத்தன எடுப்பா அவ?"

"நாப்பது."

"நாப்பதா? இந்த ஊர்லயா?"

"ஒண்ணுகூட மிஞ்சாது. எத்தன போட?"

 டென்சில் வீட்டுக்குள் போய் முன்னறை மேசையைக் காலிசெய்ய ஆரம்பித்தார்.