சனிக்கிழமைகளில் நின்றுபோன மெசின்

சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இராசமலரின் கை திடீரென்று நின்றது. இவ்வளவு நேரமும் ஒரே சீராய் வந்துகொண்டிருந்த சத்தம் இளைத்தது, இழுத்தது, மூச்சுத் திணறும் பிள்ளையைப் போல இரண்டு மூன்று தரம் விக்கியது. பிறகு ஒன்றுமில்லை.

"ஐயோ, என்ரை முருகா!"

வேறு எந்த நாளில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. இன்று டாக்டர் தியாகலிங்கமே வந்து மெசின் அறைக்குள் நிற்கிறார். "வாற சனிக்கிழமை நான் வந்து பாப்பன். அண்டைக்கும் நிண்டால் திறப்பைத் தந்திட்டு நீர் வெளிக்கிடும், ஏரம்பு" என்று அவளுடைய கணவனிடம் போன கிழமையே சொல்லிவிட்டார். மெசின் அறைச் சாவியான அந்தத் திறப்புப் போனால் வேலை போகும். வேலை போனால் மெசின் அறையோடு ஒட்டிக் கட்டிய இந்த இரண்டறை வீடும் போகும். அதுகூடப் போகட்டும். டீசல் திருடியவன் என்ற பேரைச் சுமந்துகொண்டு எந்த ஊருக்குப் போவது?

மானிப்பாயில் பெரிய வீதியை விட்டு உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. கரண்ட் நின்றால் சத்திரசிகிச்சை அறைக்கு வெளிச்சம் கொடுப்பது பின்வளவில் நிற்கும் அந்த மெசின். அதைத் துடைப்பதும், எண்ணெய் விடுவதும், சனிக்கிழமைதோறும் ஓட்டிப் பார்ப்பதும் ஏரம்புவின் வேலை. மீசாலையில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த இராசமலர் கலியாணம் முடித்து இங்கே வந்த புதிதில், அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆண்டுகள் போகப் போக அந்தச் சத்தமே அவளுக்கு வீட்டில் பிள்ளை விளையாடுகிற சத்தமாகிவிட்டது. ஆம், விளையாட வேறு பிள்ளை அந்த வீட்டுக்கு வரவில்லை. பெற்ற பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைக்கக் கொடுத்துவைக்காத கை, வெள்ளிக்கிழமைகளில் சுவாமி படங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு, மிச்சத்தைக் கொண்டுபோய் மெசினுக்கு வைத்தது. தகரம் எங்கும் துருவேறிக் கறல் பிடித்திருந்ததால், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வைப்பாள்.

இந்த ஆண்டு சரஸ்வதி பூசைக்குக் கொஞ்சம் முந்தி, மெசினுக்கு டீசல் நிரப்பும் தாங்கியின் உக்கிப்போன மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளையில் புது மூடி ஒன்று போட்டார்கள். வட்டமாக, மினுமினுவென்று, ஒரு குழந்தையின் முகத்தைப் போலவே இருந்தது அது. நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. பொட்டுக்கென்றே குறித்துவிட்ட இடம்! இராசமலருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றிலிருந்து பொட்டு அங்கேதான்.

பூசை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, மெசின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. ஏரம்பு மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்தான். தாங்கி நிறைய எண்ணெய். மறுபடி முடுக்கினான், ஓடியது, நின்றது. திங்கட்கிழமை மூடிமுதல் எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு ஓட்டினால், ஒரு குறையும் இல்லாமல் மத்தியானம்வரை ஓடியது.

அடுத்த சனிக்கிழமைதான் பொல்லாத நாள். மாரிக் காற்றில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் நின்றபோது, டாக்டர் ஒருவருக்கு வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். மெசின் வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் பாதியில் போனது. டோர்ச் பிடித்துத்தான் தையலை முடித்தார்கள். நோயாளி பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

"திங்கள் ஓடுது, சனி நிக்குது. உதென்ன மெசினோ, என்ன கோதாரியோ!" என்று ஏரம்பு தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குது. அதுதான் சனிக்கிழமை பாத்து நிக்குது" என்றாள் இராசமலர். கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டும் வந்தாள்.

கொழும்புத்துறையில் வள்ளங்களின் மெசின் திருத்தும் யாகப்புவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கழுத்துச் சிலுவை ஆட அவன் சிரித்தான். "எங்கடை வேதக்காரருக்குச் சனி இல்லை அக்கா. சனிக்கிழமையிலும் எங்கடை வள்ளம் ஓடுது. அண்ணைக்குத்தான் பிடிச்சிருக்குதெண்டா, மெசின் என்ன பாவம் செய்தது?" ஆனால் ஏன் நிற்கிறது என்று அவனுக்கும் விளங்கவில்லை.

அவன் வந்துபோனதே வேறொரு கதையைக் கிளப்பியது. வள்ளங்களுக்கு டீசல் கிடையாத காலம் அது. ஏரம்பு டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறான் என்று ஆஸ்பத்திரி முழுக்கக் குசுகுசுத்தது. இராசமலர் அதைக் கேட்டுக் கொதித்தாள். ஆனால் அன்று பின்னேரமே, யாகப்புவின் சைக்கிள் கரியரில் ஏரம்பு ஓர் எண்ணெய்க் கலனை வைத்துக் கட்டிவிடுவதைத் தன் கண்ணால் கண்டாள். கொதித்த மனம் குளிர்ந்து கல்லாகிவிட்டது. கேட்க வாய் வரவில்லை. கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுவானோ? அவரா? என்ரை மனுசனா? இல்லையென்றால் அந்தக் கலன்? ஒரு நேரம் நம்பினாள், ஒரு நேரம் நம்பாமல் விட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், நேற்று வெள்ளிக்கிழமை, வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சந்தனம் அரைத்து, அந்தப் பித்தளை முகம் நிறையத் தடிப்பாகப் பொட்டு வைத்தாள். "நாளைக்கு மாத்திரம் நில்லாதை, என்ரை ராசா" என்று கெஞ்சினாள்.

கெஞ்சியதற்குப் பலன்தான் இது: இன்றும் நின்றுவிட்டது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பின்னால் ஏரம்பு, அவனுக்குப் பின்னால், காலையில் உதவிக்கு வந்திருந்த யாகப்பு. ஏரம்பு மடியில் இருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். மற்றக் கையில் டீசல் தாங்கியின் மூடி இருந்தது. கழற்றியதை வைக்க மறந்து கொண்டுவந்துவிட்டான் போலும்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த இராசமலருக்கு அந்தத் திறப்பைக் கண்டதும் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"ஐயாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ! அண்டைக்கு அந்தக் கலனுக்கை என்ன கட்டிவிட்டனீங்கள்?"

ஏரம்பு அவளைப் பார்த்தான். டாக்டர் தன்னைக் கள்ளன் என்று நினைத்ததற்குக்கூட அவன் முகம் இப்படி வாடவில்லை.

"நீயுமா மலர்?" என்றான். "கழிவு ஒயில். வேலிக்கட்டையிலை கறையான் பிடிக்காமல் பூசக் கேட்டவன்."

"இன்னும் பாதி கிடக்குது ஐயா. கறுப்புக் கண்மை மாதிரி" என்றான் யாகப்பு. "இதிலை ஒரு வள்ளம் ஓடுமெண்டா, நான் அதிலை ஏறி அக்கரைக்குப் போய் மந்திரியாயிடுவன்."

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பின்னை ஏன் காணும் நிக்குது? எண்ணெய் நிறைய இருக்குது. மணந்தும் பாத்தன், நல்ல எண்ணெய்."

"எனக்கும் மண்டை விறைக்குது ஐயா. நிண்ட உடனை மூடியைத் திறந்தால், உஸ்ஸெண்டு காத்து உள்ளுக்குப் போகுது. ஒவ்வொருமுறையும் அப்பிடித்தான். பிறகு கொஞ்சம் ஓடுது."

"காத்து உள்ளுக்குப் போகுதோ?"

டாக்டர் கையை நீட்டினார். மூடியை வாங்கித் திருப்பினார். காய்ந்து வெடித்த மஞ்சள் சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினார். ஒரு பொருக்கு உதிர்ந்து மேசையில் விழுந்தது. அடியில் இருந்த துளை, சுண்ணாம்பு வைத்து அடைத்ததுபோல அடைபட்டிருந்தது.

மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "வாட்டிலை சேலைன் போத்தில் தொங்குதெல்லோ, அதிலை காத்துப் போக ஒரு ஊசி குத்துவம். அந்த ஊசி அடைச்சுதெண்டா, போத்தில் நிறைய மருந்திருந்தும் ஒரு சொட்டு இறங்காது."

யாகப்பு நெற்றியில் அடித்துக்கொண்டான். "மாதாவே! மூக்கிலை பொட்டு வைச்சு மூச்சை அடைச்சுப்போட்டு, ஏன் மூச்சு நிண்டதெண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறம்!"

"ஆர் இதை வைச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

இராசமலர் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியில் நேற்றைய சந்தனத்தின் மஞ்சள் இன்னும் போகவில்லை. கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள். நான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நான்தான் ஐயா" என்றான் ஏரம்பு.

அவள் திகைத்து நிமிர்ந்தாள். இந்த மனுசன் ஒருநாளும் மெசினுக்குப் பொட்டு வைத்ததில்லை. "எண்ணெய்ப் பிசுக்கிலை சந்தனம் ஏன்?" என்று அவளைப் பகிடி பண்ணுகிறவன். ஒரு நிமிடத்துக்கு முன்தான், பிறத்தியாருக்கு முன்னால் அவனைக் கள்ளனாக்கிக் கேள்வி கேட்டாள். அவளுக்காக ஏன் பொய் சொல்கிறான்? அன்பா? கோபமா? அவன் முகத்தில் தேடிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அவன் விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு, மூடியோடு வெளியே போனான். யாகப்புவும் பின்னால் போனான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் முடுக்குப்பட்டது.

டாக்டர் கதிரையில் இருந்தார். இராசமலர் கதவு நிலையோடு நின்றாள். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இளைக்கிற நேரம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இளைக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறி ஆடை படர்ந்தது. மெசின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஓட வேண்டுமென்று கும்பிட்டதற்கு நின்றது. கும்பிட்டதைச் சுரண்டி எறிந்ததும் ஓடுகிறது. அப்படியானால் அவள் இத்தனை நாளும் யாரைக் கும்பிட்டாள்? எள்ளெண்ணெய் எரித்தாளே, அந்தச் சனீஸ்வரன் யாருக்கு மேல் இருந்தார்? கண்ணீர் வந்தது. அது சந்தோசத்தில் வருகிறதா, வெட்கத்தில் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் எழும்பினார். திறப்பை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார்.

"ஏரம்பு வந்தால் இதை எடுக்கச் சொல்லும். இனி ஒருதரும் அவரைப் பற்றி ஒண்டும் கதைக்கமாட்டினம். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஐயா... அந்தப் பொட்டு..."

அவர் வாசலில் திரும்பினார். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்த கையை ஒருதரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, அதைத்தான் சொல்ல வந்தனான். வாற வெள்ளிக்கிழமை உம்மடை மனுசனிட்டைச் சொல்லும். மெசினுக்கு நெத்தி மூடியிலை இல்லையாம். தாங்கியின்ரை பக்கத்திலையாம் எண்டு."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமல்தான் சொன்னாரா? முற்றத்து மழைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி அவர் போவதை, நிலையைப் பிடித்தபடி இராசமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மெசின் ஓடுகிற சத்தம் கேட்கக் கேட்க, மஞ்சள் விரலால் கதவைச் சாத்தினாள்.